மோட்டாரை மாற்றுமுன் இணைப்பை மாற்றிப் பாருங்கள்

(தொழிற் பாடம்)

நமது அங்கத்தினர்களுள் தறியில் அமர்வோரும் உளர். ஏரைப் பிடிப்போரும் உளர். இவ்விரு சாராருக்கும் ஒருங்கே பயன்படும் தொழிற் பொருள் எளிதில் கிடைப்பதில்லை. இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது அத்தகையதொரு பொருள். பொதுப் பட்டறைகளிலும், தொழிலார்வம் கொண்ட இளைஞர்களின் வீட்டுத் திண்ணைகளிலும் இப்போது காணப்படும் சிறு மேசை இயந்திரங்களில் பூட்டப்பெறும் ஸ்டெப்பர் மோட்டாரையும், அதன் கம்பிகளை எவ்வாறு இணைத்தால் வேகம் கிடைக்கும் என்பதையும் இங்கு ஆராய்வோம்.

மேசை இயந்திரம் என்றால் என்ன? ஒரு தட்டு, அதனை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் நகர்த்த இரண்டு திருகுத் தண்டுகள், தண்டின் முனையில் ஒவ்வொரு மோட்டார், மேலே ஒரு துளைக் கருவி அல்லது வெட்டும் கருவி. எந்த இடத்தில் துளையிட வேண்டும் என்பதைக் கணிப்பொறி எண்களால் சொல்கிறது. மோட்டார்கள் தட்டை அவ்விடத்திற்குக் கொண்டுசெல்கின்றன.

ஜெயங்கொண்டம் வட்டாரத்து நெசவாளருக்கு இந்த இயந்திரம் ஜக்கார்டு அட்டையில் துளையிடப் பயன்படும். பெரம்பலூர் வட்டாரத்து மக்காச்சோள விவசாயிக்கு விதைப்புக் கருவியில் பொருத்தும் விதைத் தட்டை வெட்டப் பயன்படும். சாய்தட்டு விதைப்புக் கருவியில், தட்டின் விளிம்பிலுள்ள ஒவ்வொரு குழியும் ஒரு விதையை ஏந்திச் சென்று போடுகிறது. விதையின் பருமனுக்கு ஏற்பக் குழி அமைய வேண்டும். குழிக்குக் குழி இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும்.

நெசவாளருக்கு இவ்வித இயந்திரம் முற்றிலும் அந்நியமானதன்று. 1804ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பார் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறிக்குக் கட்டளையிடும் முறையை அமைத்தார். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட காகித நாடாவில் பதிந்த எண்களால் இயங்கும் துருவல் (மில்லிங்) வேலை இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினர். அட்டை தறியை ஆண்டது. நாடா இரும்பு வெட்டும் கருவியை ஆண்டது. இரண்டுக்கும் உட்பொருள் ஒன்றே.

பட்டறையில் கண்டது

நாம் அறிந்த ஒரு பட்டறையில் இத்தகைய இயந்திரம் ஒன்றை அமைத்தனர். மெதுவாக ஓட்டியபோது குறையொன்றும் இல்லை. நிமிடத்திற்கு 300 சுற்று வரையில் மோட்டார் ஒழுங்காகச் சுழன்றது. வேலை முடியத் தாமதமாகிறதென்று 600 சுற்றுக்கு உயர்த்தியவுடன் மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிட்டது. சில வேளைகளில் நிற்காமல், இடையே சில அடிகளைத் தவறவிட்டு மீண்டும் ஓடியது.

நின்றுவிட்டாலாவது கண்ணுக்குத் தெரியும். அடி தவறினால் தெரிவதில்லை. இவ்வகைச் சிறு இயந்திரங்களில் பெரும்பாலானவை, தட்டு உண்மையில் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. தாம் கட்டளையிட்ட இடத்தில் அது இருக்கிறதென்றே எண்ணிக்கொண்டு மேலே செல்கின்றன. ஆகவே, ஓரிடத்தில் நேர்ந்த பிழை அதற்குப் பின்வரும் துளைகள் அனைத்தையும் விலக்கிவிடுகிறது. விலகிய துளைக்கு முன்னால் ஜக்கார்டு பெட்டியின் ஊசி வந்து முட்டும்போது கொக்கி தவறான இழையைத் தூக்குகிறது, அல்லது தூக்க வேண்டியதைத் தூக்காமல் விடுகிறது. சேலையின் கரையில் பூ கெட்ட பின்னரே பிழை வெளிப்படுகிறது. விதைத் தட்டிலோ, வயலில் பயிர் முளைத்த பின்னர்தான் வரிசையில் விழுந்த இடைவெளி தெரிகிறது. மோட்டாரின் ஒரு நொடித் தடுமாற்றத்திற்கு நெசவாளர் பல நாள் உழைப்பையும், விவசாயி ஒரு பருவத்தையும் விலையாகத் தரும்படி நேரலாம்.

அந்தப் பட்டறையார் வலுவில்லாத மோட்டார் என்று முடிவுகட்டி, அதைவிடப் பெரிய மோட்டாரை வாங்கிப் பூட்டினர். அது முன்னதைக் காட்டிலும் குறைந்த வேகத்திலேயே நின்றது! பொதுப்பணம் செலவாயிற்று, குறை நீங்கவில்லை. பழைய மோட்டாரின் எட்டுக் கம்பிகளை வேறு விதமாக இணைத்த பின்னரே வேகம் கிடைத்தது. ஏன் இவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

அடியெடுத்து வைக்கும் மோட்டார்

கிணற்றடியில் ஓடும் மோட்டார் மின்சாரம் உள்ளவரை சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்டெப்பர் மோட்டாரோ அளந்து அடியெடுத்து வைக்கும் இயல்புடையது. வழக்கமான மோட்டாரின் சுழலியில் காந்தமும் அதனைச் சுற்றி 50 பற்களும் உள்ளன. வெளிக்கூட்டில் இரண்டு சுருள் தொகுதிகள் உள்ளன. இவற்றில் பாயும் மின்னோட்டத்தை முறையாகத் திசைமாற்றும்போது, ஒவ்வொரு மாற்றத்திற்கும் சுழலி ஒரு பல்லின் கால் பங்கு தூரம் நகர்கிறது. 50 பற்களை நான்கால் பெருக்க 200 வருகிறது. ஆகவே ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். ஓர் அடிக்கு 1.8 பாகை. ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டில், ஓர் அடி 0.025 மில்லிமீட்டர் ஆகும்.

நிமிடத்திற்கு 300 சுற்று என்பது நொடிக்கு 5 சுற்று. அதாவது நொடிக்கு 1000 அடி. சுருள் தொகுதிகள் இரண்டும் மாறி மாறித் திசை திரும்புவதால், ஒவ்வொன்றும் இரண்டு அடிகளுக்கு ஒருமுறை திரும்புகிறது. எனவே 300 சுற்றில் ஒரு தொகுதிக்குக் கிடைக்கும் அவகாசம் 2 மில்லி நொடி. (ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி நொடி.) 600 சுற்றில் அந்த அவகாசம் 1 மில்லி நொடியாகச் சுருங்குகிறது. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்க.

வேகம் எங்கே தடைப்படுகிறது?

ஓடும் நீரை மடையில் சட்டென்று எதிர்த் திசைக்குத் திருப்ப இயலாது. சுருளில் ஓடும் மின்சாரமும் அத்தகையதே. இரும்பின்மேல் சுற்றிய கம்பிச் சுருள், தன்னுள் பாயும் மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கிறது. இந்த எதிர்ப்புக்கு மின்தூண்டல் என்று பெயர். இதனை மில்லி ஹென்றி என்னும் அளவால் குறிப்பர். மின்தூண்டல் மிகுந்தால் மின்னோட்டம் ஏறுவதற்குக் காலம் மிகுதியாக வேண்டும். மின்னழுத்தத்தை உயர்த்தினால் அந்தக் காலம் குறையும்.

மோட்டாரின் இழுவிசை மின்னோட்டத்திலிருந்தே பிறக்கிறது. மின்னோட்டம் முழு அளவுக்கு ஏறி முடிவதற்குள் அடுத்த திசைமாற்றம் வந்துவிட்டால், மோட்டார் அரைவயிற்றுடன் உழைப்பவனைப் போல் சோர்ந்துவிடும். மெதுவாக ஓடும்போது வலுவாக இருந்த மோட்டார் வேகத்தில் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெரிய மோட்டார்களில் பொதுவாகச் சுருளின் மின்தூண்டலும் சுழலியின் எடையும் மிகுதி. ஆகையால் அதே மின்னழுத்தத்தில் அவை முன்னதாகவே தளர்ந்துவிடுகின்றன.

ஸ்டார், டெல்டா அறிந்தவர்களுக்கு

கம்பி இணைப்பை மாற்றினால் மோட்டாரின் குணம் மாறும் என்பது நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. கோயம்புத்தூரில் 1937ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினர் என்பர். அது முதலாகத் தமிழ்நாட்டின் கிணற்றுப் பாசனம் மோட்டாரை நம்பி வளர்ந்திருக்கிறது. பெரிய பம்பு மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருப்போர் பலர். மூன்று சுருள்களின் ஆறு முனைகளும் தொடக்கத்தில் ஸ்டார் முறையில் சேர்கின்றன. அப்போது ஒவ்வொரு சுருளுக்கும் சுமார் 240 வோல்ட் கிடைக்கிறது. மோட்டார் வேகம் பிடித்தபின் அதே முனைகள் டெல்டா முறைக்கு மாறுகின்றன. அப்போது ஒவ்வொரு சுருளுக்கும் 415 வோல்ட் முழுமையாகக் கிடைக்கிறது. மோட்டாரும் சுருளும் மாறவில்லை. இணைப்பு மட்டுமே மாறிற்று.

எட்டுக் கம்பியுள்ள ஸ்டெப்பர் மோட்டாரிலும் இவ்வகை வசதி உண்டு. அதன் இரண்டு சுருள் தொகுதிகளும் தனித்தனியே இரண்டு அரைச்சுருள்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆக நான்கு அரைச்சுருள்கள், எட்டு முனைகள். ஒரு தொகுதியின் இரு அரைச்சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் தொடர் இணைப்பு. அருகருகே சேர்த்தால் பக்க இணைப்பு. ஒரே வேறுபாடு: பம்பு மோட்டாரில் ஓட்டத்தினிடையே இணைப்பு மாறுகிறது, இங்கு வேலைக்கு ஏற்ற இணைப்பை முன்கூட்டியே தேர்ந்து நிலையாக அமைத்துவிட வேண்டும்.

ஒரு கணக்கு

ஓர் அரைச்சுருளுக்கு மின்தடை 1 ஓம், மின்தூண்டல் 2 மில்லி ஹென்றி, தாங்கும் மின்னோட்டம் 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

தொடர் இணைப்பில் சுற்றுகளின் எண்ணிக்கை இரட்டிக்கிறது. ஒரே இரும்பின்மேல் சுற்றியிருப்பதால் மின்தூண்டல் இரட்டிப்பதோடு நில்லாமல் நான்கு மடங்காகி, 8 மில்லி ஹென்றி ஆகிறது. மின்தடை 2 ஓம். முன்போன்ற அதே சூட்டிற்கு உட்பட்டுச் செலுத்தக்கூடிய மின்னோட்டம் சுமார் 2.1 ஆம்பியர்.

பக்க இணைப்பில் மின்தூண்டல் 2 மில்லி ஹென்றியாகவே நிற்கிறது. மின்தடை அரை ஓம். செலுத்தக்கூடிய மின்னோட்டம் சுமார் 4.2 ஆம்பியர்.

இரண்டு இணைப்புகளிலும் நிற்கும் நிலையின் இழுவிசை ஒன்றே. வேறுபாடு வேகத்தில்தான் தெரியும். மின்னோட்டம் ஒரு திசையின் முழு அளவிலிருந்து எதிர்த்திசையின் முழு அளவுக்குத் திரும்ப எவ்வளவு காலம் ஆகும்? மாற வேண்டிய ஆம்பியரை மில்லி ஹென்றியால் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மில்லி நொடி கிடைக்கும்.

24 வோல்ட்டில் தொடர் இணைப்பு: 4.2 ஆம்பியர் மாற வேண்டும். 4.2-ஐ 8-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க, 1.4 மில்லி நொடி.

24 வோல்ட்டில் பக்க இணைப்பு: 8.4 ஆம்பியர் மாற வேண்டும். 8.4-ஐ 2-ஆல் பெருக்கி 24-ஆல் வகுக்க, 0.7 மில்லி நொடி.

முன்னர் நினைவில் வைத்த எண்களை இப்போது எடுத்துக்கொள்வோம். 300 சுற்றில் அவகாசம் 2 மில்லி நொடி. இரண்டு இணைப்புகளும் ஈடுகொடுக்கும். 600 சுற்றில் அவகாசம் 1 மில்லி நொடி. தொடர் இணைப்பு ஈடுகொடாது, பக்க இணைப்பு ஈடுகொடுக்கும். அந்தப் பட்டறையில் நேர்ந்ததும் இதுவே. சுழலும் மோட்டார் தானே சிறிது எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. மின்தடையும் ஓரளவு குறுக்கிடும். ஆகவே நடைமுறையில் கிடைக்கும் வேகம் இக்கணக்கைவிடச் சற்றுக் குறையும். எனினும், எதிர் மின்னழுத்தமும் பக்க இணைப்பில் தொடர் இணைப்பின் பாதியே என்பதால், முடிவு மாறாது. ஒரே மின்னழுத்தத்தில் பக்க இணைப்பு ஏறத்தாழ இரு மடங்கு வேகம் வரை இழுவிசையைக் காத்துத் தரும்.

எத்தனை வோல்ட் கொடுக்கலாம் என்பதற்குத் தொழிலறிந்தோர் கையாளும் வாய்பாடு ஒன்று உண்டு. மின்தூண்டலை மில்லி ஹென்றியில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 32-ஆல் பெருக்க வருவதே மேல் எல்லை. 2 மில்லி ஹென்றிக்குச் சுமார் 45 வோல்ட். 8 மில்லி ஹென்றிக்குச் சுமார் 90 வோல்ட். அதாவது, பக்க இணைப்பில் 45 வோல்ட்டில் கிடைக்கும் பயனைத் தொடர் இணைப்பில் பெற 90 வோல்ட் வேண்டும். அதற்கு விலை உயர்ந்த சாதனமும் வேண்டும்.

இந்த வோல்ட் கணக்கு, மின்னோட்டத்தைத் தானே அளந்து கட்டுப்படுத்தும் இயக்குப் பெட்டிக்கு மட்டுமே பொருந்தும். கடைகளில் இதனை டிரைவர் என்பர். அத்தகைய பெட்டியின்றி இவ்வளவு மின்னழுத்தத்தை நேரே கொடுத்தால் சுருள் கருகிவிடும்.

ஆறு கம்பியும் நான்கு கம்பியும்

ஆறு கம்பி மோட்டாரில் இரு அரைச்சுருள்களும் உள்ளேயே தொடராக இணைக்கப்பட்டு, நடுவிலிருந்து ஒரு கம்பி வெளிவருகிறது. இதில் பக்க இணைப்பு இயலாது. ஆனால் நடுக்கம்பியையும் ஓரக்கம்பி ஒன்றையும் மட்டும் பயன்படுத்தி அரைச்சுருளால் ஓட்டலாம். மின்தூண்டல் 2 மில்லி ஹென்றியாகக் குறைவதால் வேகம் கூடும். மெதுவான ஓட்டத்தில் இழுவிசை பத்தில் ஏழு பங்காகக் குறையும். மின்னோட்டத்தை 3 ஆம்பியருக்குமேல் வைக்கலாகாது. பயன்படாத கம்பியின் முனையைத் தனியே காப்பிட்டு விடுக.

நான்கு கம்பி மோட்டாரில் இணைப்பை மாற்ற இடமில்லை. டிரைவர் தாங்கும் அளவுக்குள் மின்னழுத்தத்தை உயர்த்துவதே வழி.

கம்பிகளை இனங்காணும் முறை

கம்பிகளின் நிறம் உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பி இணைப்பது தவறு. மோட்டாருடன் வந்த விளக்கத்தாள் தொலைந்துவிட்டால் பின்வருமாறு செய்க. மோட்டார் டிரைவருடன் இணைந்திராத நிலையிலேயே இதனைச் செய்ய வேண்டும்.

முதலில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒன்றோடொன்று தொடர்புள்ள கம்பிகளைக் கண்டு நான்கு சோடிகளாகப் பிரித்து, 1, 2, 3, 4 என எண்ணிட்டுக்கொள்க. எல்லாக் கம்பிகளும் தனித்திருக்கும்போது தண்டைக் கையால் சுழற்றி, அதன் இயல்பான கனத்தை அறிந்துகொள்க.

அடுத்து, 1-இன் ஒரு முனையை 2-இன் ஒரு முனையோடும், மறுமுனையை மறுமுனையோடும் சேர்த்துத் தண்டைச் சுறுசுறுப்பாகச் சுழற்றுக. பின் 2-இன் முனைகளை மட்டும் இடம்மாற்றி மீண்டும் சுழற்றுக. ஒரு விதத்தில் கனமாகவும், மறு விதத்தில் இயல்பாகவும் சுழன்றால், 1-ம் 2-ம் ஒரே தொகுதியைச் சேர்ந்த இணை. இயல்பாகச் சுழன்ற சேர்க்கையே சரியான பக்க இணைப்பு. இரு விதத்திலும் கனமாகவே இருந்தால் அவை வெவ்வேறு தொகுதியின. 2-ஐ விடுத்து 3-ஐயும், பின்னர் 4-ஐயும் அவ்வாறே சோதிக்க. இணை கிடைத்தபின், எஞ்சிய இரு சோடிகளும் மற்றொரு தொகுதி ஆகும். அவற்றுக்கும் முனைகளை அவ்வாறே சோதித்துக்கொள்க.

இதன் காரணம் எளிது. கையால் சுழற்றும்போது ஒவ்வோர் அரைச்சுருளும் சிறிது மின்சாரத்தை உண்டாக்குகிறது. சரியான பக்க இணைப்பில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் மின்னோட்டம் சுற்றிவருவதில்லை. முனை மாறினால் சுற்றிவந்து, தண்டைப் பிடித்து இழுக்கிறது. முனை மாறிய இணைப்பை டிரைவரில் கொடுத்தால் இரு அரைச்சுருள்களின் காந்த விசையும் ஒன்றையொன்று அழித்துவிடும். மோட்டார் நகராது, டிரைவரும் கெட்டுப்போகலாம். ஆகவே இச்சோதனையைத் தவிர்க்கலாகாது.

கவனிக்க வேண்டியவை

1. இணைப்பை மாற்றியவுடன் டிரைவரின் மின்னோட்ட அளவையும் மாற்றுக. 4.2 ஆம்பியர் வேண்டிய இடத்தில் 3 ஆம்பியரே தரும் டிரைவர் இருந்தால், மெதுவான ஓட்டத்தில் இழுவிசை சுமார் பத்தில் ஏழு பங்காகவே இருக்கும். டிரைவரில் குறித்திருப்பது உச்ச அளவா, சராசரி அளவா என்பதையும் படித்துப் பார்க்க.

2. மின்சாரம் உள்ளபோது மோட்டாரின் கம்பியைக் கழற்றவே கூடாது. சுருளில் தேங்கிய ஆற்றல் பொறியாகப் பாய்ந்து டிரைவரை அழித்துவிடும். தளர்ந்த திருகாணியும் இதே கேட்டை விளைவிக்கும்.

3. 50 வோல்ட் எல்லையுள்ள டிரைவருக்கு 50 வோல்ட்டையே கொடுக்காமல் 36 வோல்ட் அளவில் நிறுத்துக. வேகம் குறையும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதால் மின்னழுத்தம் உயரும்.

4. நின்ற நிலையிலிருந்து ஒரே தாவலில் முழு வேகத்தைக் கேட்கலாகாது. படிப்படியாக வேகம் ஏறவும் இறங்கவும் கணிப்பொறியில் ஏற்பாடு செய்க.

5. மோட்டாரின் உடல் சுடுவது இயல்பே. எனினும் சித்திரை, வைகாசி மாதங்களில் பட்டறையே கொதிக்கும், காற்றோட்டம் தருக. ஓய்வு நேரத்தில் மின்னோட்டம் தானே பாதியாகக் குறையும் வசதி டிரைவரில் இருந்தால் அதனைப் பயன்படுத்துக.

6. அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் சாலையோரப் பட்டறைகளில் திருகுத் தண்டின்மேல் தூசி படியும். தண்டு இறுகினால் எந்த இணைப்பும் உதவாது. உறை போடுக; துடைத்து எண்ணெய் இடுக. மோட்டாரைக் கழற்றிய நிலையில் தண்டு கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்க.

வாங்கும்போது

கடைகளில் ஸ்டெப்பர் மோட்டாரை இத்தனை கிலோ இழுவிசை என்று சொல்லி விற்பர். அது நின்ற நிலையில் உள்ள பிடிப்பு மட்டுமே. ஓட்டத்தில் உள்ள வலுவை அது காட்டாது. ஆகவே நிர்வாகக் குழுவினர் விலைப்புள்ளி கேட்கும்போது, எத்தனை கம்பி, எத்தனை மில்லி ஹென்றி, எத்தனை ஆம்பியர் என்னும் மூன்றையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறுக. இயன்றவரை எட்டுக் கம்பி மோட்டாரையே தேர்க. பொதுநிதியில் ஒரு ரூபாய் செலவிடுமுன், கையிலுள்ள பொருளின் முழுப் பயனையும் பெற்றோமா என்று கேட்டுக்கொள்வதே கூட்டுறவின் சிக்கனம். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணி பயின்ற நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் இச்சோதனையை ஒரு பிற்பகலில் செய்து முடித்துவிடுவர். அவர்களைப் பட்டறைக்கு அழைத்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சி

மேற்சொன்ன மோட்டாருக்கே 36 வோல்ட் கொடுத்தால், இரு இணைப்புகளிலும் மின்னோட்டம் திசைதிரும்ப எவ்வளவு காலம் ஆகும்? 600 சுற்றுக்கு எது ஏற்றது?

விடை: தொடர் இணைப்பில் சுமார் 0.93 மில்லி நொடி. பக்க இணைப்பில் சுமார் 0.47 மில்லி நொடி. முன்னது 1 மில்லி நொடி எல்லையை ஒட்டியே நிற்பதால் சிறிது பளு கூடினாலும் அடி தவறும். பின்னதில் பாதிக்கும் மேற்பட்ட அவகாசம் மிஞ்சுகிறது. ஆகவே பக்க இணைப்பே ஏற்றது.